அழகை மறைக்க வேலி போட்ட ஊர்!

ஆடு மாடு நுழையாமல் இருக்க வேலி போடுவார்கள். திருடன் வராமல் இருக்க வேலி போடுவார்கள். ஊரின் அழகு கண்ணில் படக்கூடாது என்று வேலி போட்ட ஊர் ஒன்று உண்டு!

அதன் பெயர் ஹால்ஸ்டாட். ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டில் இருக்கிறது.

பின்னால் செங்குத்தான மலை. முன்னால் ஆழமான ஏரி. நடுவே ஒட்டுத்துணி போல ஒரு கரை. அதில்தான் வீடுகள். மக்கள் தொகை 800-க்கும் குறைவு.

1890 வரை ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது மலைப்பாதையில் நடக்கவேண்டும். இப்போதும் ரெயில் நிலையம் அக்கரையில்தான் இருக்கிறது. ரெயிலை விட்டு இறங்கி, படகு ஏறித்தான் ஊருக்குப் போகவேண்டும்.

உப்பு மலை

அந்த மலைக்குள் இருப்பது உப்பு. 7,000 ஆண்டுகளாக மக்கள் அதை எடுத்து வருகிறார்கள்.

1734-ல் சுரங்கத்தில் ஒரு பிணம் அகப்பட்டது. அது பழங்காலத் தொழிலாளி ஒருவரின் உடல். ஊறுகாய் கெடாமல் இருப்பது போல, உப்பு அந்த உடலைக் காத்து வைத்திருந்தது!

மண்டை ஓட்டில் பூ

இருப்பவர்களுக்கே இடம் இல்லாத ஊரில், இறந்தவர்களுக்கு இடம் ஏது? முன்பெல்லாம், சில ஆண்டுகள் கழிந்ததும் கல்லறையைத் தோண்டுவார்கள். மண்டை ஓட்டை எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். அதில் பெயர் எழுதி, பூவும் இலையும் வரைந்து, ஒரு சிறு மண்டபத்தில் அடுக்குவார்கள். அங்கே சுமார் 1,200 மண்டை ஓடுகள் இருக்கின்றன.

கூட்டமோ கூட்டம்

1997-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 2012-ல் சீனாவில் இதே ஊரைப் போல ஒரு நகல் ஊரே கட்டினார்கள். புகழ் பரவியது. கூட்டம் குவிந்தது. சில நாட்களில் 10,000 பேர் வரை வந்தார்கள்!

படம் பிடிப்பவர்களின் கூச்சல் தாங்கவில்லை. 2023 மே மாதம், ஏரியும் மலையும் தெரியும் இடத்தில் மரப்பலகையால் வேலி எழுப்பினார்கள். கண்டனம் கிளம்பியது. வேலியை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டு மாதம் ஊர் மக்களே சாலையை மறித்தார்கள். "மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலா பஸ் வரக்கூடாது" என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

வருகிறவர்களால் அந்த ஊருக்கு வருமானம் உண்டு. அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், உழைத்துக் களைத்தவர்கள் இரவில் தூங்க வேண்டாமா?

நாமும் ஊர் பார்க்கப் போகிறோம். நாம் நின்று படம் பிடிக்கும் இடம், யாரோ ஒருவர் வீட்டு வாசல். இதை மறக்கக்கூடாது.