துவர்ப்பும் கொழுப்பும்

தமிழில் ‘துவர்’ என்னும் சொல் செந்நிறத்தையும் குறிக்கும். அறுசுவையுள் ஒன்றான துவர்ப்பையும் குறிக்கும். இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்த பருகுபொருள் சிவப்புத் திராட்சை மது. தீயில் வாட்டிய இறைச்சியுடன் மேனாட்டார் அதனைச் சேர்த்துக்கொள்வதன் காரணமும் அத்துவர்ப்பிலேயே அடங்கியுள்ளது.

வெள்ளை மது, பெரும்பாலும் பிழிந்த சாற்றை மட்டும் புளிக்கவைத்துச் செய்யப்படுவது. சிவப்பு மதுவோ, தோலும் விதையும் சாற்றோடு ஊறிப் புளிப்பதால் உண்டாவது. நிறம் தோலிலிருந்து வருகிறது. ‘டானின்’ என்னும் துவர்ப்பொருள் தோல், விதை இரண்டிலிருந்தும் வருகிறது. டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளவே, வழவழப்பு நீங்கி வாய் உலர்கிறது. பாக்கு மெல்லுவோர் இதனை நன்கு அறிவர். கடுந்தேநீரில் பால் கலந்ததும் துவர்ப்பு அடங்குவதும் இம்முறையிலேதான். அங்கே டானின் பாற்புரதத்தைப் பற்றிக்கொள்கிறது.

கொழுப்பு வாயில் வழவழப்பை மிகுவிக்கும். துவர்ப்பு அதனைக் குறைக்கும். ஆகவே ஒன்றன் மிகையை மற்றொன்று தணிக்கிறது. கொழுப்புள்ள இறைச்சியையும் தேநீரையும் மாறி மாறி உட்கொண்டோரிடம் இவ்வுண்மை புலப்பட்டதை 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

இதற்கு அர்ஜென்டினாவின் ‘அசாதோ’ விருந்து நல்ல எடுத்துக்காட்டு. மாட்டு விலாவிறைச்சியை உப்பு மட்டும் இட்டு, விறகுத் தணலில் நெடுநேரம் வாட்டுவர். அதற்கு இணையாக அமைவது மால்பெக் திராட்சையின் அடர்ந்த சிவப்பு மது. பிரான்சு நாட்டுக் காவோர் பகுதியில் பேர்பெற்ற இக்கொடி, 1853-இல் மெண்டோசாவில் வேளாண் பள்ளி தோன்றிய காலத்தில், பிரெஞ்சு அறிஞர் மிசேல் புஜேயின் முயற்சியால் அங்கே வேரூன்றியது.

தேர்வு முறை இதனால் எளிதாகிறது. கொழுப்பு மிக்க விலாவிறைச்சிக்குத் துவர்ப்பு மிக்க மது பொருந்தும். அது கபர்னே சோவின்யோன் ஆகவும் இருக்கலாம். கொழுப்புக் குறைந்த இறைச்சிக்குத் துவர்ப்புக் குறைந்ததே ஏற்றது. இன்றேல் துவர்ப்பே மேலோங்கும். மிளகாய்க் காரம் தடவிய இறைச்சிக்குச் சாராயச் சத்து மிக்க மது ஒவ்வாது. அது எரிச்சலைப் பெருக்கும். மிகக் குளிர்ந்தாலும் துவர்ப்புக் கடுமையாகும். 16 முதல் 18 பாகை செல்சியசு வெப்பமே தக்கது.

எனவே விலையும் பெயரும் இங்கு அளவுகோல் ஆகா. கொழுப்பின் அளவறிந்து துவர்ப்பைத் தேர்வதே முறை. மது அருந்தாதாரும் இவ்வுண்மையைப் பால் கலவாத தேநீரைக் கொண்டே சுவைத்து அறியலாம்.