தெருவுக்கு என்ன வேண்டும்? தெருக்காரர்களே முடிவு செய்த நகரம்

மாநகராட்சிப் பணத்தில் தங்கள் பகுதிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர்களே முன்மொழிந்து, முன்னுரிமையும் வகுக்கும் முறைக்கு ‘பங்கேற்பு பட்ஜெட்’ என்று பெயர். இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்த ஊர் பிரேசிலின் தென்கோடி மாநிலத் தலைநகரான போர்ட்டோ அலெக்ரே. 1988 தேர்தலில் வென்ற தொழிலாளர் கட்சி மேயர் ஒலிவியோ துத்ரா பதவியேற்ற 1989இல் இது தொடங்கியது.

அன்று நகரின் ஓரங்களில் இருந்த ஏழைக் குடியிருப்புகள் பலவற்றில் சாக்கடைக் குழாயும் இல்லை, தார்ச்சாலையும் இல்லை. ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் அரசியல்வாதியின் சிபாரிசு தேவைப்பட்டது. அந்தச் சிபாரிசின் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதிகளைக் கொண்டுவந்ததுதான் புதிய முறையின் சாரம்.

நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடக்கும். அங்கே வசிக்கும் யாரும் வந்து பேசலாம். குழாய், சாலை, வீட்டுவசதி, பள்ளி, மருத்துவ நிலையம் ஆகியவற்றில் எது முதலில், எது அடுத்து என்று கூட்டம் வரிசைப்படுத்தும். பிரதிநிதிகளையும் அதுவே தேர்ந்தெடுக்கும். வட்டாரங்களின் சார்பில் அமையும் பட்ஜெட் மன்றம் அதிகாரிகளோடு உட்கார்ந்து, செலவையும் தொழில்நுட்பச் சாத்தியத்தையும் பார்த்துத் திட்டத்தை இறுதி செய்யும். பிறகு அது நகரசபையின் ஒப்புதலுக்குப் போகும். போக்குவரத்து, கல்வி போன்ற நகரம் தழுவிய விஷயங்களுக்கு 1994 முதல் தனிக் கூட்டங்களும் நடந்தன.

கேட்பவர்கள் 16 வட்டாரத்தார், பணமோ கொஞ்சம். அதைப் பங்கிட ஒரு மதிப்பெண் முறை வைத்தார்கள். சாக்கடைக் குழாய் வேலையை எடுத்துக்கொண்டால், குழாய் இல்லாத வீடுகள் எந்த வட்டாரத்தில் அதிகமோ அதற்குக் கூடுதல் மதிப்பெண். மக்கள்தொகை அதிகமென்றால் அதற்கும் மதிப்பெண். தன் பட்டியலில் குழாய்க்கு முதலிடம் கொடுத்திருந்தால் அதற்கும் மதிப்பெண். ஏற்கெனவே குழாய் உள்ள வசதியான பகுதி எவ்வளவு உரக்கக் கேட்டாலும், இல்லாத பகுதியை முந்துவது கடினம். வட்டாரத்துக்குள் எந்தத் தெருவுக்கு முதலில் என்பதைப் பிரதிநிதிகளே பேசித் தீர்க்க வேண்டும். அதற்காக அவர்கள் பேருந்தில் ஏறி, முன்மொழியப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதுண்டு. தன் தெருவைவிட மோசமான தெருவைக் கண்ணால் பார்த்தவர், பல நேரம் தன் கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளச் சம்மதித்தார்.

தொடக்கம் சுலபமாக இல்லை. வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனதால், முதல் ஆண்டில் கேட்ட வேலைகள் பல நடக்கவில்லை. அடுத்த ஆண்டு கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டவில்லை. உள்ளூர் வரிகளைச் சீர்செய்து கஜானா நிரம்பி, வேலைகள் கண்ணில் பட்ட பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 1990களின் இறுதியில் அந்த எண்ணிக்கை பல்லாயிரமாக உயர்ந்தது. குடிநீர், கழிவுநீர் இணைப்புள்ள வீடுகள் 1988இல் 75 சதவீதமாக இருந்து 1997இல் 98 சதவீதமானதாக உலக வங்கி குறிப்பிடுகிறது.

குறைகளும் உண்டு. கையில் மிஞ்சும் முதலீட்டுப் பணத்தில் மட்டுமே மக்களின் பேச்சு எடுபடும். சம்பளமும் கடன் தவணையும் அதற்கு வெளியே. மாலை நேரக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வர எல்லோராலும் முடிவதில்லை. ஆட்சியாளர்களின் விருப்பத்தைச் சார்ந்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம். 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றபின் இந்த முறைக்கு இருந்த முக்கியத்துவம் படிப்படியாகக் குறைந்தது; ஒப்புக்கொண்ட வேலைகள் தேங்கின; 2017இல் கூட்டங்களே நிறுத்தி வைக்கப்பட்டன.

அதற்குள் இந்த முறை உலகெங்கும் பரவிவிட்டது. புனே மாநகராட்சி 2006 முதல் குடியிருப்பாளர்களிடம் நடைபாதை, தெருவிளக்கு போன்ற சிறு வேலைகளுக்கான பரிந்துரைகளை வாங்கத் தொடங்கியது. நியூயார்க்கில் 2011இல் நகரசபை உறுப்பினர்கள் நால்வர் தங்கள் ஒதுக்கீட்டிலிருந்து தலா 10 லட்சம் டாலரை இதற்கு ஒதுக்கினார்கள். மக்கள் சொல்லும் யோசனையைத் தன்னார்வலர்கள் துறை அலுவலர்களோடு சேர்ந்து செலவு மதிப்பீட்டுடன் திட்டமாக்க, பின் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. குடியுரிமை இல்லாதவர்களும், 11 வயதான பிள்ளைகளும் அதில் வாக்களிக்கலாம். பள்ளிக் கழிப்பறைச் சீரமைப்பு, பூங்கா, மரக்கன்று என்று வெல்பவை பெரும்பாலும் சிறு வேலைகளே. ஏழைப் பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் விதி இங்கே இல்லாததால், வாக்கு திரட்டத் தெரிந்தவர்களின் கை ஓங்கும் வாய்ப்பு உண்டு.