அப்டேட் போட ஆள் தேவைப்படாத காலம்

மதுரை செல்லூரில் துண்டும் லுங்கியும் விற்கிற கடைக்காரர்கள் சிலர் 2010 வாக்கில் “நமக்கும் ஒரு வெப்சைட் இருந்தா நல்லாருக்குமே” என்று ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பி வந்து வேர்ட்பிரஸ் போட்டு, எங்கிருந்தோ ஒரு தீம் இறக்கி, விலை மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏற்றிக் கொடுப்பார். கடைக்காரரைப் பொறுத்தவரை வேலை அதோடு முடிந்தது. வருடம் ஒருமுறை ரினியூவல் பணம், அவ்வளவுதான்.

பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அன்று அந்தத் தம்பிதான் உட்கார வேண்டும். டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தி அப்டேட் செய்யும் வசதி 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் பல மலிவு சர்வர்களில் அதற்கு அனுமதி இருக்காது. கோப்புகளை சர்வரில் ஏற்றும் ஃபைல்ஜில்லாவைத் திறந்து, பழைய கோப்புகளை அழித்து, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஏற்ற வேண்டும். கன்ஃபிக் ஃபைலையும் படங்கள் கிடக்கும் ஃபோல்டரையும் மட்டும் தொடக்கூடாது. 2012 மின்வெட்டு ஞாபகமிருக்கும். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பாதி புதுசு, பாதி பழசு; தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அதனால் “ஓடுறதை ஏன் நோண்டணும்” என்று தள்ளிப்போடுவதே வழக்கமாயிற்று.

ஓட்டை காத்திருக்கவில்லை. படத்தைச் சிறிதாக்குவதற்காகப் பல தீம்களில் சேர்ந்து வந்த டிம்தம்ப் என்ற சிறு நிரலில் 2011 ஆகஸ்டில் ஓட்டை வெளிப்பட்டது. அந்த வழியாகப் புகுந்தவர்கள் விட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வரிதான்: இண்டெக்ஸ் ஃபைலின் உச்சியில் ‘ஈவல்’ என்று தொடங்கி, திரையின் வலது ஓரம் தாண்டி ஓடும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். அதை அழித்தால் மறுநாள் வேறொரு ஃபோல்டரிலிருந்து முளைக்கும்.

2013 அக்டோபரில் வந்த வேர்ட்பிரஸ் 3.7 இந்த வேலையை மனிதனிடமிருந்து வாங்கிக்கொண்டது. சிறிய, பாதுகாப்புப் பதிப்புகள் தானாகவே ஏறத் தொடங்கின. ‘என் தளத்தை என்னைக் கேட்காமல் தொடுவதா’ என்று அணைத்து வைத்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறு வருடம் அக்டோபர் 15 அன்று வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்தப் பயன்படும் துருபல் மென்பொருளில் பெரிய ஓட்டை வெளியானபோது, ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் உடைக்கப்பட்டுவிட்டதாகவே கருதுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பிறகு அறிவித்தது. இந்திய நேரத்தில் அது ராத்திரி. தூங்கி எழுந்த ஆளுக்குச் செய்ய மிச்சமென்ன இருந்திருக்கும்? 2017 ஜனவரி 26-இல் வேர்ட்பிரஸ் 4.7.2 சத்தமில்லாமல் ஏறியது. ஓட்டையின் விவரம் பிப்ரவரி 1-இல்தான் வெளியே சொல்லப்பட்டது. அணைத்து வைத்திருந்தவர்களின் பக்கங்கள்தான் பெருமளவில் சிதைந்தன. சில நாளில் அப்படிச் சிதைந்த பக்கங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிற்று.

இன்று பிளகினும் தீமும்கூடத் தானே ஏறும். 2020 ஆகஸ்டிலிருந்து அதற்கான சுவிட்ச் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. பேட்ச்மேன் மாதிரியான மென்பொருள் பழைய பதிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டை உள்ள வரிகளை மட்டும் திருத்திவிடும்.

இதிலும் சிக்கல் உண்டு. 2024 ஜூனில் சில பிளகின் ஆசிரியர்களின் கணக்குகளுக்குள் யாரோ புகுந்து, அப்டேட்டிலேயே நச்சு நிரலைக் கலந்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. அதற்காக நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். தினமும் ஒரு பேக்கப் அந்த சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பேன். காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டுத் தீமுக்கு எந்தத் திருத்தமும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். செல்லூர் மட்டுமல்ல, நம்மூர் முழுக்க அது நிறையக் கிடக்கிறது.

கோர் அப்டேட் தானாக ஏறினால் அட்மின் மெயிலுக்குத் தகவல் வரும். ஏறாமல் போனாலும் வரும். அந்த மெயில் அன்று தளம் செய்து கொடுத்த தம்பிக்குத்தான் போகிறது. அவர் பெங்களூருக்குப் போய் வருடக்கணக்காகிறது. மாற்றிவிடுங்கள் என்றால், “பாஸ்வேர்டும் அந்தத் தம்பிகிட்டதான் சார் இருக்கு” என்கிறார் கடைக்காரர்.