காயத்தில் வைத்த சதுப்புப் பாசி

1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஓர் அருமையான வேலை நடந்தது. தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டறிந்த ஊர் வழக்கங்களைப் பிள்ளைகள் எழுதிவைத்தார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதிய அந்தத் தொகுப்பில் கைவைத்தியம் நிறைய உண்டு. காஞ்சொறி பட்டு எரியும் இடத்தில் டாக் செடியின் இலையைத் தேய்ப்பார்கள். அதே காஞ்சொறியின் கொழுந்தை வசந்த காலத்தில் கீரையாகக் கடைவார்கள். இருமலுக்குக் காரகீன் என்ற கடற்பாசியைப் பாலில் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அந்தப் பாசியின் பசைச்சத்துதான் இன்று ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிறது.

ஆனால் எனக்குப் பெரிய வியப்பு ஸ்பாக்னம்தான். சதுப்பு நிலங்களில் மெத்தைபோல் படரும் இந்தப் பாசியைக் காயங்களில் வைத்துக் கட்டினார்கள். ஈரமான பாசியை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். இலையை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புரியும். மெல்லிய பச்சை செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்க, இடையிடையே உயிரற்ற, வெறுமையான பெரிய செல்கள். அவற்றின் சுவரில் உள்ள துளைகள் வழியே நீர் புகுந்து தங்கிவிடும். காய்ந்த பாசி தன் எடையைப்போல் 20 மடங்கு வரை நீரை உறிஞ்சும். பஞ்சால் அந்த அளவு முடியாது. போதாததற்கு, பாசியின் செல்சுவர் சுற்றியுள்ள நீரை அமிலமாக்குவதால் பாக்டீரியாக்கள் அங்கே எளிதில் பெருகுவதில்லை.

முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வெடிமருந்துக்கும் பஞ்சு தேவைப்பட்டது. அப்போது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பெண்களும் பிள்ளைகளும் சதுப்பில் இறங்கிப் பாசி சேகரித்தார்கள். குச்சி, புல் நீக்கி, உலர்த்தி, துணிப்பைகளில் அடைத்துப் போர்முனை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். டப்ளினில் ராயல் அறிவியல் கல்லூரியே இதற்கு ஒரு மையமானது. நாட்டுப்புறத்தார் கைகண்ட மருந்தை அறுவை மருத்துவர்களும் ஏற்றார்கள்.

எல்லாக் கைவைத்தியமும் இப்படித் தேறிவிடவில்லை. எலும்பு முறிவுக்குப் பற்றுப்போட்ட காம்ஃப்ரி செடியை உள்ளுக்குச் சாப்பிட்டால் கல்லீரல் கெடும். ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து இதய மருந்து கிடைத்தது உண்மை. அளவு சற்று மீறினால் உயிரையே பறித்துவிடும். பழைய வழக்கம் என்பதாலேயே ஒன்றை நம்பிவிடவும் கூடாது, ஒதுக்கிவிடவும் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

காயத்துக்கு உதவிய அதே ஸ்பாக்னம் மடிந்து, முழுதும் மக்காமல் படிந்துதான் பீட் என்ற எரிபொருள் உருவாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் அது வளரும். அயர்லாந்தோ அதைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி எரித்தது. பீட் வெட்டிவந்த அரசு நிறுவனம் 2021இல்தான் அந்த வேலையை நிறுத்துவதாக முறைப்படி அறிவித்தது.