மணிக்கட்டு எலும்புகள் சொல்லும் வயது

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புகள் உண்டு. வளர்ந்தவர் உடலிலோ 206 மட்டுமே. எஞ்சியவை எங்கே தொலைந்தன எனச் சிறுவர்கள் எம்மை வினவுவதுண்டு. அவை தொலையவில்லை, ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. மண்டையோட்டின் துண்டுகளும் முள்ளந்தண்டின் அடிப்பகுதி எலும்புகளும் இவ்வாறு ஒட்டிக்கொள்பவையே.

மணிக்கட்டுடன் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள். கணுக்காலுடன் சேர்த்து ஒரு பாதத்தில் 26. பிள்ளைகளே, கூட்டிப் பாருங்கள்! உடலின் எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்நான்கு இடங்களிலேயே அடங்கிவிடுகின்றன. மிகப் பெரியது தொடை எலும்பு. மிகச் சிறியது காதினுள் இருப்பது. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீற்றர்.

எனினும் மணிக்கட்டே எம்மைப் பெரிதும் வியக்க வைக்கின்றது. அங்குள்ள 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகளே. எக்ஸ்றே படத்தில் தெரியமாட்டா. முதல் இரண்டும் சில மாதங்களில் தென்படும். பட்டாணிக் கடலையளவான இறுதி எலும்பு பத்து வயதையண்டியே தோன்றும். சுண்டுவிரலின் நேர்கீழே, உள்ளங்கை முடியும் மடிப்பில் அழுத்திப் பார்த்தால் அது விரலில் தட்டுப்படும். பெண்பிள்ளைகளுக்கு இவை யாவும் ஆண்பிள்ளைகளிலும் முந்தியே நிகழ்கின்றன.

இவ்விந்தையே எம்மவர் சிலருக்கு வழக்காகவும் வந்து சேர்கின்றது. பெற்றோரும் பிறப்புச் சான்றிதழும் இன்றி வந்திறங்கும் இளையோரின் இடது கையைப் படம்பிடித்து, வயதைக் கணிக்கும் வழக்கம் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் உண்டு. இதற்குப் பெரிதும் துணைகொள்ளப்படுவது குரூலிக், பைல் என்னும் இருவர் 1950இல் வெளியிட்டு, 1959இல் திருத்திய படத்தொகுப்பு. அதிலுள்ளவை அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் நகரின் வசதிமிக்க வெள்ளையினப் பிள்ளைகளின் கைகள். பிள்ளையின் வளர்ச்சி சீராக உள்ளதா என வைத்தியர் அறிவதற்கே அது தொகுக்கப்பட்டது. அகதியின் வயதைத் தீர்மானிப்பதற்கன்று. போசாக்கின்மையும் நெடுநாள் நோயும் எலும்பின் முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும். நலமான பிள்ளைகளிடையேகூட ஓரிரு ஆண்டு வேறுபாடு வழமையானதே. பதினேழா பதினெட்டா என்ற கேள்விக்கு, பாடசாலையா தெருவா என்பது தொங்கிநிற்கும் கேள்விக்கு, இத்தகைய அளவுகோல் போதுமானதன்று என்பதே எமது கருத்து.

பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வரம்பு விதித்துள்ளது. செல்லுபடியாகும் அடையாளப் பத்திரம் இல்லாது, கூறப்படும் வயதும் நம்பத்தக்கதாகத் தோன்றாதபோது மாத்திரமே, நீதித்துறையின் முடிவுடனும் இளைஞரின் சம்மதத்துடனும் இப்பரிசோதனை நடத்தப்படலாம். முடிவில் பிழை வீச்சு குறிப்பிடப்படல் வேண்டும். படத்தை மட்டும் கொண்டு ஒருவரை வயதுவந்தவர் எனத் தீர்மானிக்க இயலாது. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே. பரிசோதனைக்கு மறுத்தமையை மட்டும் காரணங்காட்டி அவரை வயதுவந்தவராகக் கொள்ளலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்புச் சபை 2019 மார்ச்சில் தெளிவுபடுத்தியது. சம்மதம் அவருக்கு விளங்கும் மொழியிலேயே பெறப்பட வேண்டும் எனவும் அச்சபை கூறியுள்ளது. ஆகவே, கையொப்பமிடுமுன் தமிழில் விளக்கம் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.