வயிற்றில் இரண்டாம் முறை கத்தியா?

உடம்பு இளைப்பதற்காக ஒரு தடவை ஆபரேஷன் செய்து கொண்டாகி விட்டது. இரண்டு வருஷம் ஊரே மூக்கில் விரலை வைக்கும்படி இளைத்தும் ஆகி விட்டது. பிறகு சத்தமில்லாமல் எடை திரும்பி வருகிறது. தைத்துப் போட்டுக் கொண்ட ரவிக்கைகள் மறுபடி பிடிக்கின்றன. இப்போது டாக்டர் ஒருவர், "இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாமே!" என்கிறார். செய்து கொள்ளலாமா?

இது சென்னைப் பணக்காரர்களின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் இருக்க வேண்டியதற்கு மேல் எடை உள்ளவர்கள். அதில் ராஜபாளையத்து மில் குடும்பங்களும் உண்டு; ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிக்காரர்களும் உண்டு. இந்த ஆபரேஷனுக்கு மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்களும், பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அரசியல்வாதிகளில் நிதின் கட்கரி 2011லும், அருண் ஜெட்லி சர்க்கரை வியாதியை முன்னிட்டு 2014லும் செய்து கொண்டது பத்திரிகைகளில் வந்த சங்கதிதான்.

இரண்டாம் முறை செய்து கொண்டவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் கால்பந்து வீரர் மாரடோனா. 2005ல் கொலம்பியா தேசத்தில் முதல் ஆபரேஷன். ஆள் ஏகமாக இளைத்தார். பிறகு பழையபடி பெருத்தார். 2015ல் வெனிசுவேலாவில் மறுபடியும் ஆபரேஷன். காசுக்குப் பஞ்சமில்லை, டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை; அப்படியிருந்தும் முதல் ஆபரேஷன் அவரை ஆயுசு முழுவதும் இளைத்தவராக வைத்திருக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்து கொள்ள, வயிற்றுக்குள்ளே என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் பார்த்து விடுவோம். 1960களில் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேஸன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் அதற்குப் பிறகு சதை போடுவதில்லை! அங்கே பிறந்ததுதான் 'பைபாஸ்' முறை. இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி மட்டும் பிடிக்கும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதனுடன் இணைத்து விடுவார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையைத் தொடாமலே குறுக்கு வழியில் போய் விடும். மற்றொரு முறை 'ஸ்லீவ்'. இதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து விட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டு வைப்பார்கள். வெட்டிப் போடும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பு அதிகம் ஊறுகிறது. 1999ல் ஜப்பானியர் கண்டுபிடித்த சமாசாரம் அது. அதனால்தான் ஆபரேஷன் ஆன புதிதில், "பசியே தெரியவில்லை!" என்று சொல்கிறார்கள்.

ஆனால் உடம்பு லேசில் விட்டுக் கொடுப்பதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை எத்தனை ஆயிரம் பேர் எத்தனை தூரம் இழுத்தாலும் கடைசியில் அது நிலைக்குத்தானே திரும்புகிறது? உடம்புக்கும் அப்படி ஒரு நிலை உண்டு. எடை குறையக் குறையப் பசியைக் கூட்டி, செலவைச் சுருக்கி, அந்த நிலையை நோக்கி அது இழுத்துக் கொண்டே இருக்கும். ஆபரேஷன் அந்த நிலையைச் சற்று நகர்த்தி வைக்கிறது. பெயர்த்தே எறிந்து விடுவதில்லை.

ஸ்வீடன் தேசத்தில் 1987ல் ஆரம்பித்து வருஷக் கணக்காக நடத்திய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்து கொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் நூற்றுக்கு 32 பங்கு இளைத்தார்கள். பத்தாவது வருஷத்தில் 25 பங்குதான் குறைந்திருந்தது. 100 கிலோ இருந்தவர் 68க்கு இறங்கி, 75க்கு ஏறி நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இது தோல்வியா? இல்லவே இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் யாராவது ஒரு சித்தி, "என்னடி, லட்ச லட்சமாய்க் கொட்டி ஆபரேஷன் செய்துமா இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு விடுகிறாள். அந்த ஒரு கேள்விதான் பலரை மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு போய் நிறுத்துகிறது. ஏழு கிலோவுக்காகவும் சித்திக்காகவும் மேஜை மீது ஏறிப் படுப்பது வேண்டாத வேலை என்பது என் அபிப்பிராயம்.

சரி, நிஜமாகவே எடை ஏகமாகத் திரும்பி விட்டது. அப்போது முதலில் கேட்க வேண்டியது, "எந்த ஆபரேஷன்?" என்பதல்ல, "ஏன் திரும்பியது?" என்பது.

இங்கேதான் நம் ஊர்ப் பால்கோவா வருகிறது. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பண்டம். அதைக் குறை சொல்லி விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் நடமாட முடியாது. ஆனால் ஸ்லீவ் செய்து கொண்டவருக்கு அதைப் போல ஒரு விரோதி இல்லை. குழாயான இரைப்பை இரண்டு இட்லியோடு "போதும்" என்று சொல்லி விடும். பால்கோவாவோ மெல்லவும் வேண்டாம், தடுக்கவும் தடுக்காது. கரண்டி கரண்டியாக வழுக்கிக் கொண்டு இறங்கி விடும். மத்தியானம் ஒரு கரண்டி, காப்பிக்கு முன் ஒரு கரண்டி, விருந்தாளி வந்தால் இன்னொன்று. அல்வா, ஐஸ்க்ரீம், சர்க்கரை தூக்கலான காப்பி எல்லாமே இந்த ஜாதிதான். இரைப்பையைக் கோணி ஊசி பருமனுக்குத் தைத்தாலும் இவை போய் விடும்! பைபாஸ் ஆனவர் கதை வேறு. இனிப்பு நேரே குடலில் போய் விழுவதால் சிலருக்கு நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, தலை சுற்றும். அந்தப் பயத்திலேயே இனிப்பை விட்டு விடுவார்கள். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. வந்தவர்களுக்கும் நாளடைவில் தணிந்து போகலாம். ஆகவே பால்கோவாவுக்குப் பயந்து ஸ்லீவைப் பைபாஸாக மாற்றிக் கொள்வது சூதாட்டம்தான்.

இரண்டாம் ஆபரேஷன் நியாயமாகத் தேவைப்படுகிற சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, நெஞ்சைப் பொசுக்கும் அமிலம். ஸ்லீவ் செய்து கொண்டவர்களில் பலருக்கு அமிலம் மேலேறி உணவுக் குழாயை அரிக்கிறது. ராத்திரி நாலு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறார்கள், மாத்திரைக்கும் அடங்குவதில்லை. பின்லாந்தில் 240 பேரை இரண்டு பங்காக்கிப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்லீவ் ஆனவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும், பைபாஸ் ஆனவர்களில் 7 பேருக்கும் உணவுக் குழாய் புண்பட்டிருந்தது. இப்படி அவதிப்படுகிறவருக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது பெரிய நிவாரணம். எடை குறைவது அதற்கு மேல் கிடைக்கும் கொசுறு. பழைய நாளில் இரைப்பையின் கழுத்தில் 'பாண்டு' என்று ஒரு பட்டையை மாட்டுவார்கள். அது நழுவியிருந்தாலோ, இரைப்பைச் சுவரைத் துளைத்திருந்தாலோ எடுத்தே ஆக வேண்டும். குழாய் ஓரிடத்தில் சுருங்கி அடைத்துக் கொண்டு ஓயாமல் வாந்தி வந்தாலும் கத்தி வேண்டியிருக்கலாம். சிறு பையும் பெரிய இரைப்பையும் மறுபடி ஒட்டி உள்ளே வழி உண்டாகி விட்டாலும் அப்படியே. எடையோடு சர்க்கரை வியாதியும் கடுமையாகத் திரும்பியிருந்தால், அதுவும் யோசிக்க வேண்டிய காரணம்தான்.

எதிர்ப் பக்கத்தில் இருப்பவையும் சாமானியமானவை அல்ல. ஒரு தடவை வெட்டித் தைத்த வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பழைய தையல் தழும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் இணைத்த இடத்தில் கசிவு ஏற்படும் அபாயம் முதல் தடவையை விட இரண்டாம் தடவை அதிகம். இளைப்பதோ பெரும்பாலும் முதல் தடவையை விடக் குறைவு. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினால் இரும்பு, கால்ஷியம், பி-12 வைட்டமின் எல்லாம் உணவிலிருந்து சரியாக இறங்காது. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசு பரியந்தம். முதல் ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரைகளையே ஆறாம் மாதம் நிறுத்தி விட்டவர், இரண்டாவதற்குப் பிறகு சாப்பிடுவாரா என்பதைத் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ளட்டும்.

பணத்துக்கு வருவோம். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அரசாங்கம் வகுத்திருக்கும் விதிப்படி, இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால் 'பி.எம்.ஐ.' என்கிற எண் 40 இருக்க வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை, இருதய நோய், தூக்கத்தில் கடுமையாக மூச்சு நின்று போவது போன்றவை இருந்தால் 35 போதும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் அம்மாளை எடுத்துக் கொள்ளுங்கள். 40 என்பது அவருக்கு 102 கிலோ. 35 என்பது சுமார் 90. முதலில் 105 கிலோ இருந்தபோது கம்பெனி பணம் கொடுத்திருக்கும். 75க்கு இறங்கி இப்போது 88க்கு ஏறியிருக்கிறார். எண் 35ஐத் தொடவில்லை! உலக டாக்டர் சங்கங்கள் 2022ல் தங்கள் வரம்பைத் தளர்த்தி, ஆசியாக்காரர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கின்றன. ஆனால் டாக்டர் "சரி" என்றால் இன்ஷூரன்ஸும் "சரி" என்று அர்த்தமில்லை. கழுத்துச் சங்கிலியைப் பாங்கியில் வைப்பதற்கு முன்னால் பாலிசியை எழுத்துக்கு எழுத்து வாசித்து விடுங்கள்.

கத்திக்கும் பட்டினிக்கும் நடுவில் இப்போது மூன்றாவது வழி ஒன்றும் பிறந்திருக்கிறது. வாரம் ஒரு முறை போட்டுக் கொள்ளும் டிர்செபடைட், செமாகுளுடைட் ஊசிகள் எடை குறைப்புக்கென்றே 2025ல் இந்தியாவுக்கு வந்து விட்டன. இதே வகையைச் சேர்ந்த, தினமும் போடும் பழைய மருந்தான லிராகுளுடைடை, ஆபரேஷன் செய்தும் போதிய அளவு இளைக்காதவர்களுக்கு லண்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். 70 பேர் கொண்ட சிறு பரிசோதனைதான். 24 வாரத்தில் மருந்துக்காரர்கள் நூற்றுக்கு 9 பங்கு போல இளைத்தார்கள். வெறும் ஊசிக்காரர்கள் அரைப் பங்கு. 2023ல் வந்த முடிவு இது. மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும், குமட்டல் உண்டு, செலவும் உண்டு. மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போட்டுக் கொள்ளும் வஸ்து அல்ல. இருந்தாலும், உள்ளே கோளாறு எதுவும் இல்லாமல் எடை மட்டும் திரும்பியவர் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் கத்திக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

அப்படியும் ஆபரேஷன்தான் என்று முடிவாகி விட்டதா? முதல் ஆபரேஷனின் குறிப்புகளைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் காகிதம் மட்டும் போதாது. எங்கே வெட்டினார்கள், எவ்வளவு குடலை விட்டு இணைத்தார்கள் என்று எழுதிய ஆபரேஷன் குறிப்பு வேண்டும். பழைய ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் புது டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். எண்டாஸ்கோப்பும், வெள்ளைத் திரவம் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் தேதி குறிக்கிற டாக்டரிடம் கும்பிடு போட்டு விட்டு வந்து விடலாம். "இரண்டாம் தடவை ஆபரேஷன்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்த ஊர்க்காரருக்கு ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்க உரிமை இல்லையா என்ன!

இன்னும் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக் கொள்ளுங்கள். கசிவு ஏற்பட்டால் அது பெரும்பாலும் முதல் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் தலைகாட்டும்; அப்போது நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பீர்கள். நாடி நிமிஷத்துக்கு 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது ஆகியவைதான் அடையாளங்கள். கஷாயம் வைத்துக் குடித்துக் காலை வரை பொறுத்துப் பார்க்கிற விஷயமல்ல. நள்ளிரவில் யாருக்குப் போன் செய்வது, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுவதா அல்லது நேரே மதுரைக்கு வண்டி ஏறுவதா, அங்கே அந்த நேரத்தில் கதவைத் திறந்து ஆபரேஷன் அறைக்கு அழைத்துப் போக ஆள் இருக்குமா என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரிடமும் படித்துக் காட்டி விடுங்கள்.