வீதி வியாபாரமும் சட்டமும் – 6: கூடையோடு நடப்பவர்

வீதியில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு அளிக்கும் தொழில் உரிமையைச் சேர்ந்ததே என்று 1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், அவ்வுரிமைக்குச் சட்ட வடிவம் தரும்படி 2010-ல் கெயிந்தா ராம் வழக்கில் அது இட்ட கட்டளையையும் சென்ற இதழில் பார்த்தோம். அவற்றின் பலனாக 2014-ல் பிறந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பறிமுதலைப் பற்றிய பிரிவு.

கீரைக் கட்டும் மல்லிகைச் சரமும் விற்கும் ஒரு ஸ்திரீயின் கூடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அபராதம் கட்டி அதை மீட்பதற்குள் சரக்கு வாடி அழுகிப் போகும். காலையில் தண்டலுக்கு வாங்கிய கடனோ மாலையில் வட்டியோடு வந்து நிற்கும். புதிய சட்டப்படி, எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, கையொப்பமிட்ட பிரதியை உரியவரிடம் தர வேண்டும். அவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைய தினமே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள், திருப்பித் தர வேண்டும். இந்தப் பேதத்தை எழுதியவர்கள் சந்தையை அறிந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன். கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதும், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதும் இதற்கு இணையான நியாயங்களே.

ஆயினும், ஓரிடத்தில் அமர்ந்து விற்பவருக்குக் கிட்டிய இந்த ரக்ஷணை, ஊர் ஊராகச் சென்று ஜீவனம் செய்பவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. நடமாடும் வியாபாரிகளைச் சட்டம் அங்கீகரிக்கிறது, உண்மைதான். ஆனால் குறித்த பகுதிக்குள் நடமாடுகிறவரையே அது கருதுகிறது. கணக்கெடுப்பதும் சான்றிதழ் தருவதும் அந்தந்த ஊர்க் குழுவின் காரியமாகையால், சைக்கிளில் புடவை மூட்டை கட்டித் தவணைக்கு விற்பவரும், சாணைக்கல்லைத் தோளில் சுமந்து வருபவரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், நகர எல்லையைத் தாண்டிய மறுகணமே அந்நியராகிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில், நடந்து விற்போருக்கென்று 1871-ல் இயற்றிய சட்டம், பதினேழு வயது நிரம்பி, ஒரு மாதமாவது அவ்வட்டாரத்தில் வசித்த நல்லொழுக்கமுள்ள எவருக்கும் ஐந்து ஷில்லிங் கட்டணத்தில் போலீசார் ஓராண்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்று விதித்தது; 1881-ல் வந்த திருத்தமோ அச்சான்றிதழை நாடு முழுவதற்கும் செல்லுபடியாக்கிற்று. நம் சட்டத்தைத் திருத்தும் காலத்தில் இந்த அம்சத்தை நாம் அவசியம் ஏற்க வேண்டும். ஓர் ஊரில் பெற்ற நடமாடும் சான்றிதழ் மாநிலம் முழுவதும் மதிக்கப்பட வேண்டும்.

அப்படிச் செய்தால், வெளியூரார் வந்து நடைபாதையை அடைத்துக்கொள்வார்களே என்று உள்ளூர் வியாபாரிகள் அஞ்சலாம். இங்கிலாந்திலும் அத்தகைய தகராறுகள் எழுந்து, விற்றுக்கொண்டே செல்பவருக்கு மாத்திரமே அச்சான்றிதழ் உதவும், ஓரிடத்தில் நிலைத்து விற்பவருக்கு உதவாது என்று நீதிமன்றங்கள் வரையறுக்க நேர்ந்தது. அந்த வரம்பை நாமும் விதியிலேயே எழுதிவிடலாம். இடம் வேண்டுவோர் அந்தந்த ஊர்க் குழுவிடம் விண்ணப்பிக்கட்டும். நடப்பவரிடம் அவர் சொந்த ஊர்க் குழு அளித்த அட்டை ஒன்று இருந்தால் போதும்.

(தொடரும்)